அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்

"கேஸ் ஷீட்ல மட்டும் கை வைக்கக் கூடாது. ஒரு புள்ளிகூட. புரிஞ்சுதா?"

ஆஸ்பத்திரி மேனேஜர் போட்ட நிபந்தனைகளில் இதுதான் கடைசி. வேலை உத்தரவு கிடையாது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து கிடையாது, பெயர் அட்டை கிடையாது. எதிரே உட்கார்ந்திருந்த இருவரும் நர்சிங் பரீட்சையில் தேறிவிட்ட பெண்கள்தான். ஆனால் நர்சிங் கவுன்சிலிலிருந்து பதிவு எண் வர நாலைந்து மாதம் ஆகும். அது வராமல் நோயாளியைத் தொடக் கூடாது என்பது சட்டம். அந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலோ முப்பது கட்டிலுக்கு நாலே நர்சுகள்.

"நம்பர் வர்ற வரைக்கும் வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? இங்க வந்தா கை பழகும். நம்பர் வந்த அன்னிக்கே நிரந்தர வேலை. நான் வாய் விட்டுச் சொல்றேன்ல?"

இருவரும் விடுதியில் ஒரே அறைக்காரிகள். ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி பொடிசு. கல்லூரியில் விழுந்த பட்டப்பெயர்கள். பிறகு வார்டிலும் அதுவே நிலைத்தது. அட்டை இல்லாதவர்களை வேறு எப்படிக் கூப்பிடுவது?

வெளியே வந்ததும் நெட்டை முணுமுணுத்தாள். "வாய் விட்டுச் சொல்றாராம். காகிதத்துல சொல்ல மாட்டாராம்."

"வேற யாருடி நம்மள கூப்பிட்டாங்க?" என்றாள் பொடிசு.

மறுநாளே இருவரும் வேலைக்குப் போனார்கள்.

கட்டுப் போட்டார்கள், பிரஷர் பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள். பார்த்ததையெல்லாம் மனதில் முடிந்துகொண்டு ஓடிப்போய்ப் பெரிய சிஸ்டரிடம் ஒப்பிப்பார்கள். அவர்தான் எழுத வேண்டும். இருபது வருட சர்வீஸ், தங்கமான மனுஷி. ஆனால் எழுதுவதற்கு அவருக்கும் இருப்பது ஒரு கைதானே.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் காலில் சீழ் பிடித்த புண்ணோடு ஏழாம் கட்டிலுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. கூட அவர் மனைவி.

"என்னம்மா, சட்டையில பேரையே காணோம்? டிக்கெட் எடுக்காம ஏறிட்டியா?" என்றார் பொடிசைப் பார்த்து.

"என்கிட்ட பாஸ் இருக்கு சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. காட்டுன்னா பையைத் தடவுவாங்க. முப்பத்திரண்டு வருஷம் பாத்தவன் நான்."

"சும்மா இருங்களேன், அது வேலையைப் பாக்கட்டும்" என்று அதட்டிய மனைவி, பொடிசைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள். "கண்ணு, மூணு வருஷம் முன்னாடி பல்லு புடுங்கினப்போ இவருக்கு ஒரு ஊசி போட்டாங்க. பென்சிலினாம். மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சு நின்னு, பொழைச்சதே மறுபிறவி. அது மட்டும் இவருக்கு ஆகாது. மறக்காம எழுதிக்கோ."

"எழுதிக்கறேம்மா."

அந்த அம்மாள் நிம்மதியாக மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பினாள்.

பென்சிலின் ஆகாது என்றால் கேஸ் ஷீட்டின் தலையிலேயே சிவப்பு மையில் பெரிதாக எழுத வேண்டும். முதல் வருடத்திலேயே அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். பொடிசு எழுதவில்லை. ஓடினாள். பெரிய சிஸ்டர் ஒரு காதில் போனோடு டாக்டர் சொல்லும் மருந்துகளைக் குறித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், ஏழாம் கட்டிலுக்குப் பென்சிலின் ஆகாது."

"ம், எழுதிடறேன்" என்று அவர் தலையசைத்த அதே நேரம், மேனேஜர் படியேறி மூச்சிரைக்க வந்தார்.

"இன்ஸ்பெக்‌ஷன். கீழே ஆபீஸ்ல உக்காந்துட்டாங்க. நம்பர் இல்லாதவங்க உள்ள போங்க. சிஸ்டர், ரிஜிஸ்தர் எங்க? மூணு மாசத்துக் கணக்கு கேக்கறாங்க."

உள்ளே என்றால், துணி அறை. சலவை செய்த விரிப்புகளும் போர்வைகளும் கூரைவரை அடுக்கிய, ஜன்னல் இல்லாத அறை. ஏற்கெனவே இரண்டு முறை ஒளிந்து பழக்கம் என்பதால், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதும் நெட்டை வசதியாக ஒரு மூட்டைமேல் சாய்ந்துகொண்டாள்.

"இத்தனை வருஷம் படிச்சது போர்வைக்குக் காவல் இருக்கத்தான்."

பொடிசு சிரித்தாள்.

கால் மணி நேரம் போயிருக்கும். வெளியே யாரோ ஓடினார்கள். ஆக்சிஜன் சிலிண்டரின் சக்கரம் தரையில் கடகடவென்று உருண்டது. பெரிய சிஸ்டரின் குரல், அவர் குரல் போலவே இல்லாமல் கேட்டது.

"ஏழு. ஏழாம் கட்டில். டாக்டரைக் கூப்பிடுங்க, சீக்கிரம்."

பொடிசின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. நெட்டை பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பைத்தியமா உனக்கு? வெளிய அவங்க நிப்பாங்க. ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் நம்பர் கிடைக்காது."

"ஏழுடி."

"சிஸ்டர் இருக்காங்க. டாக்டர் வந்துடுவார். நீ போய் என்ன கிழிக்கப் போற?"

சொல்லிவிட்டு நெட்டை கையை விட்டுவிட்டாள். பொடிசுதான் தாழ்ப்பாளிலிருந்து தன் கையை எடுத்தாள்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது ஏழாம் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். கண்டக்டர் இறந்துவிட்டிருந்தார். டாக்டர் போனில் சொன்ன பட்டியலில் பென்சிலின் இருந்தது. கேஸ் ஷீட்டில் எந்த எச்சரிக்கையும் இல்லை. ரிஜிஸ்தரைத் தேடி மாடிக்கும் கீழுக்கும் அலைந்த பதற்றத்தில் பெரிய சிஸ்டர், பொடிசு சொன்னதை மறந்தே போனார். மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று தோலில் சோதித்துப் பார்க்கக்கூட நிற்காமல் ஊசியைப் போட்டுவிட்டார்.

மாற்றுத்துணி எடுக்கப் போன மனைவி இன்னும் திரும்பியிருக்கவில்லை.

பொடிசைப் பின்படி வழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு நடந்ததெல்லாம் நெட்டை போனில் சொல்லித்தான் தெரியும்.

"அந்தம்மா வந்து, 'சின்னதா ஒரு பொண்ணு இருந்துச்சே, அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்'னு அழுத்தமா சொன்னாங்கடி. மேனேஜர் ஸ்டாஃப் போட்டோ ஒட்டின புத்தகத்தைக் கொண்டுவந்து, 'இதுல யாருன்னு காட்டுங்க'ன்னார். ஒவ்வொரு பக்கமா மூணு தடவை திருப்பினாங்க. கண்ணாடியைத் தொடைச்சுட்டு மறுபடி திருப்பினாங்க."

"சிஸ்டர்?"

"சிஸ்டர் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. அந்தம்மாவோட மக வந்திருந்துச்சு. 'அடுப்பை அணைச்சேனான்னு தெருமுனையிலேருந்து திரும்பி வர்ற ஆளு நீ. நிஜமா சொன்னியாம்மா'ன்னு கேட்டுச்சு. அந்தம்மா முதல்ல சொன்னேன்னாங்க. அப்புறம், சொன்னேன்னுதான் நினைக்கிறேன்னாங்க. அப்புறம் பேசவே இல்ல."

எட்டாவது நாள் பொடிசுக்குப் பதிவு எண் வந்தது. அவளைப் பெற்றவள் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மதியம் மேனேஜரே போன் செய்தார்.

"வாழ்த்துகள்மா. நாளைக்கே வந்து ஆர்டர் வாங்கிக்கோ. தேதி நாளையிலிருந்துதான். அதுக்கு முன்னாடி உன்னை நான் பாத்ததே இல்ல, என்ன?"

பொடிசு அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா அந்தக் காகிதத்தை மடித்து அவள் கையில் வைத்துச் சொன்னாள். "நீயா ஊசி போட்ட? இல்லல்ல. வாயை மூடிக்கிட்டு வேலையில சேரு. அப்புறம் எத்தனை உயிரை வேணாலும் காப்பாத்து."

மறுநாள் காலை ஆர்டர் வாங்கக் கிளம்பியவள் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கவில்லை. கேஸ் ஷீட்டில் விலாசம் பார்த்திருந்தாள்; கண்டக்டர் வீடு அதற்கு நாலு நிறுத்தம் தள்ளி. கடைத்தெருவுக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. மகள்தான் கதவைத் திறந்தாள்.

"அம்மாவைப் பாக்கணும்."

"அம்மா யார்கிட்டயும் பேசறதில்லைங்க. அழக்கூட மாட்டேங்கறாங்க. நீங்க யாரு?"

உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் தலையைத் திருப்பினாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கையை ஊன்றி எழுந்தாள்.

"இவதான். அடியே, இவதான். இந்தப் பொண்ணுதான்."

மகள் பொடிசை முறைத்தாள். "அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொன்னாங்க. பல்லு புடுங்கினப்போ பென்சிலின் போட்டு மூச்சு நின்னுபோச்சுன்னு சொன்னாங்க. எழுதிக்கோன்னாங்க. நான் எழுதல."

"ஏன்?"

"எனக்கு அப்போ நம்பர் வரல. என் கையெழுத்து அதுல இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. வாயால சொன்னேன். அது மறந்துபோச்சு."

"அப்பாவுக்கு மூச்சு முட்டினப்போ நீ எங்க இருந்த?"

"துணி வைக்கிற ரூம்ல. இன்ஸ்பெக்‌ஷன்னு ஒளிஞ்சிருந்தேன்."

"சத்தம் கேட்டுச்சா?"

பொடிசு மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கேட்டுச்சு."

மகள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்று, பிறகு கதவுநிலையைப் பிடித்துக்கொண்டது.

"இதைக் கவுன்சில்ல வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்."

"உனக்கு என்ன ஆகும்?"

"நம்பரைப் புடுங்கிடுவாங்க."

"புடுங்கட்டும்" என்றாள் மகள்.

அதற்குள் அந்த அம்மாள் பொடிசின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் சிரித்தபடி இருந்தது. "சொன்னேனா இல்லையா? நான் சொன்னேன். நான் மறக்கல. நல்லாத்தான் சொல்லியிருக்கேன், பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ சொல்லும்போது குரல் உடைந்தது. புருஷன் செத்து ஒன்பது நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் ஓடிவந்து தாயின் மடியில் முகம் புதைத்து, "மன்னிச்சுடும்மா, மன்னிச்சுடும்மா" என்றாள்.

அழுகிறவள் பொடிசின் ஒரு கையை மட்டும் விடவே இல்லை. பொடிசும் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.