வழிமொழிந்தவர்

1

இந்தக் கதை ஒரு கை தூக்கலில் பிறந்தது. கை என்னுடையது.

கண்டிக்கு அருகே, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். இருபத்திரண்டு கட்டில்கள். அதை நடத்துவது தொண்டாக வந்து கூடும் ஏழு பேர் கொண்ட நிர்வாக சபை. நானும் என் மனைவி பத்மாதேவியும் பதினொரு வருடம் அதில் இருந்தோம். அவள் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். நான் தபால் கந்தோரில் இருந்தவன். எந்தப் பிரேரணையையும் ஒருவர் முன்மொழிந்தால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அவள் முன்மொழிவாள், நான் வழிமொழிவேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதற்காகவே இருவரும் உடுத்திக்கொண்டு பஸ் ஏறுவோம்.

பெப்ரவரியில் அவள் இறந்தாள். ஜூலைக் கூட்டத்துக்குத்தான் மறுபடி போனேன்.

2

[கதைக்கு எழுதிய முதல் தொடக்கம்: "கண்டி நகரின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்…" வேண்டாம். அன்று நல்ல வெயில்.]

[இரண்டாவது தொடக்கம்: "நல்லம்மா சாதுவானவர், யாருக்கும் ஒரு…" இது சுத்தப் பொய். பருப்பில் தண்ணீர் கூடினால் சமையல்காரியைக் கூப்பிட்டு, "இதுல மீன் புடிக்கலாமா?" என்று கேட்கிறவர் அவர். கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து பறித்துவிட்டு இல்லத்துக்கு வந்தவர். சாதுவாக எழுதினால் நீங்கள் சீக்கிரம் இரங்குவீர்கள் என்று கணக்குப் போட்டேன். மன்னிக்கவும்.]

3

இல்லத்தில் ஒரு விதி உண்டு. சாப்பாட்டு மண்டபத்துக்குத் தானாக நடந்து வர முடியாதவரை உறவினரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மே மாதத்தில் நல்லம்மாவின் முழங்கால்கள் விட்டுவிட்டன. அவரை அனுப்பும் பிரேரணையைத் தலைவர் இராஜரத்தினமே வாசித்தார். நான் பத்மா வழக்கமாக உட்காரும் பக்கத்துக் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ அதில் குடை வைத்திருந்தார்கள்.

"ஆர் வழிமொழியிறியள்?"

பிறகு ஒரு சிறிய மௌனம். பதினொரு வருடம் என் கை பழகிய மௌனம் அது. கை தானாக ஏறியது.

"தியாகராஜா வழிமொழிஞ்சிட்டார். எதிர்ப்பு ஆரும்? இல்லை. சரி, அடுத்தது."

(குறிப்பு: இராஜரத்தினத்தைக் கொடியவராக எழுத ஆசைதான். ஆனால் இல்லத்தில் பராமரிப்புக்கு இரண்டே பெண்கள். நல்லம்மாவைத் தூக்கப்போய் ஒருத்திக்கு இடுப்புப் பிடித்து ஒரு வாரம் படுத்திருந்தாள். ஒன்பது பேர் இடம் கேட்டுக் காத்திருக்கிறார்கள். அவரிடம் நியாயம் இருக்கிறது.)

தேநீர் குடிக்கும்போது சபை உறுப்பினர் மக்கீன் என் அருகில் வந்தார்.

"நீங்க கைய தூக்கினத்தாலதான் நான் வாயப் பொத்திட்டு இருந்த. நர்ஸ் அம்மாட விருப்பம் அதாக்கும் எண்டு நெனச்சேன்."

"என்ன விருப்பம்?"

அவர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லம்மாவ அனுப்புறது."

எதற்குக் கை தூக்கினேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

4

அடுத்த கூட்டத்தில் முந்திய கூட்டறிக்கையை வாசித்து உறுதிப்படுத்தும்வரை வழிமொழிந்தவர் பின்வாங்கலாம்; பிரேரணை விழுந்துவிடும். "நான் கவனிக்கவில்லை" என்று எழுந்து சொன்னால் போதும். இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள்.

இதற்கு முன் எந்தப் பிரேரணையையும் நான் கவனித்ததில்லை. அவள் சொல்லி முடிக்குமுன் என் கை ஏறிவிடும். அலுமாரியில் இருக்கும் பழைய கோப்புகளில் பக்கம் பக்கமாக, முன்மொழிந்தவர் பத்மாதேவி, வழிமொழிந்தவர் தியாகராஜா. எங்கள் பெயர்கள் சேர்ந்து இருக்கும் தாள்கள் வேறெங்கும் அவ்வளவு இல்லை. பிள்ளைகளும் இல்லை. அவற்றின் கீழே, இந்த மனிதன் காது கொடுக்கவில்லை என்று நானே எழுதவைக்க வேண்டும்.

இதை ஒரு காரணமாக எழுதும்போது சிறியதாகத்தான் தெரிகிறது. வீட்டில் தனியே இருக்கும்போது அப்படித் தெரியவில்லை.

5

ஆகஸ்ட் கூட்டத்துக்கு முந்திய புதன்கிழமை நல்லம்மாவிடம் போனேன்.

"நல்லம்மா, அண்டைக்குக் கை உயர்த்தினது நான்தான்."

"தெரியுமுங்க ஐயா. சமையக்கட்டு வரைக்கும் வந்திருச்சே. நர்ஸம்மா இருந்திருந்தா ஒங்க கைய புடிச்சு இறக்கியிருப்பாங்க."

"ஓம்."

"கலஹாவுல தம்பி மகன் வீடு. ஒரே காம்பரா. ஆறு பேரு படுக்குறாங்க. கக்கூசு மேட்டுல, முப்பது படி. இந்தக் காலோட ஏறுவேனா, பறந்து போவேனா?"

கால்மாட்டில் மடித்திருந்த போர்வையை எடுத்து மறுபடி மடித்தேன்.

"சனிக்கெழம என்னா சொல்லப் போறீங்க?"

"எழுதிப் பாக்கிறன்."

"எழுதியா?" சிரித்தபோது அவருடைய கட்டில் ஆடியது. "தபால்ல இருந்த ஆளு நீங்க. எழுதினா போதுமா? போய்ச் சேர வேணாமா?"

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் எழுந்து சொல்கிறேன். இராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றுகிறார். "பிறகு அவவை ஆர் தூக்கிறது? நீரோ?" எனக்கு அறுபத்தொன்பது வயது. அந்த வரியிலேயே கதை நின்றுவிட்டது.

இரண்டாவதில் நான் எழும்பவில்லை. செவ்வாய்க்கிழமை வான் வருகிறது. நல்லம்மா முன் ஆசனத்தில் உட்கார்ந்து சாரதிக்குக் கலஹா வழி சொல்லிக்கொண்டு போகிறார். இது மிக அழகாக வந்தது. பயந்து கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் பத்மா கதவைத் திறந்து உள்ளே வந்து, குடையை எடுத்துவிட்டு, தன் கதிரையில்…

7

இப்போது சனிக்கிழமை காலை எட்டரை. கூட்டம் பத்து மணிக்கு.

முடிவை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் செய்து முடித்த நிம்மதி வந்துவிடும். வீட்டிலேயே இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். சட்டை மாற்ற வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றிலிருந்து ஐந்து மணிவரை இல்லத்தில் பார்வையாளரை விடுவார்கள். பெண்கள் பகுதி, ஜன்னலோரம், மூன்றாவது கட்டில். நீங்களே போய்ப் பாருங்கள். அதில் இருப்பவர் நல்லம்மா என்றால் உரக்கப் பேசுங்கள், வலது காது கேட்காது. வேறொருவர் என்றால், என் பெயரைச் சொல்ல வேண்டாம்.