எங்கள் வீட்டில் கிடையாது

இந்த வருஷம் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் இல்லை என்பதை நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் முதல் வருஷம் பண்டிகை கிடையாது. திருச்சுழியில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். போன வருஷம்தான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். காரணங்களோடு சொன்னேன்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். எம்.காம். படித்தவன் என்பதால் விளம்பரம் எழுதுவது என் பொறுப்பு. செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் நோட்டீஸ் எழுதிவிடுவேன். விலைச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டு அதன்மேல் தள்ளுபடி போடுவதையும் பார்த்திருக்கிறேன். போன வருஷம் மழை இல்லை. பரளச்சிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, மிளகாய்ச் செடி கருகிப்போனதைப் பேசிக்கொண்டே ஆறு பேருக்குத் துணி எடுத்தது. பழைய சட்டையோடு சர்ச்சில் நிற்க முடியாதே என்றார் அந்த மனிதர். அன்று வீட்டுக்கு வந்ததும் ஜெயசெல்வியிடம் சொன்னேன். புதுத்துணி வேண்டாம், ஸ்டார் வேண்டாம், கேக் வேண்டாம். சர்ச்சுக்குப் போவோம், வருவோம். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவருக்கு அது போதும்.

என் மனைவி எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பலகாரம் மட்டும் சுட்டுக்கிருவோமா? கஸ்தூரியக்கா தட்டு தீவாளில இருந்து நம்மகிட்டதான் கெடக்கு."

கஸ்தூரி அக்கா எதிர்வீடு. தீபாவளிக்கு அவர்கள் வீட்டு அதிரசமும் முறுக்கும் ஒரு எவர்சில்வர் தட்டில் எங்களுக்கு வரும். அந்தத் தட்டை உடனே திருப்பிக் கொடுப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து நிரப்பித்தான் கொடுப்போம். ஜெயசெல்வி கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான். வெறும் தட்டு தெருவைத் தாண்டியதில்லை.

அதுவும் கொடுக்கல் வாங்கல்தானே என்றேன். அவள் உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் கஸ்தூரி அக்கா வாழ்த்துச் சொல்ல வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவருக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்ப ஒங்க சாமி பொறந்தது ஒங்களுக்கே சேதி வரலையா தம்பி?"

நானும் சிரித்தேன். எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தத் தட்டை எடுத்து, இனி இந்தச் சிரமம் உங்களுக்கும் வேண்டாம் அக்கா என்று அவர் கையில் கொடுத்தேன். நல்ல மனதோடுதான் கொடுத்தேன். அடுப்படியில் நின்ற ஜெயசெல்வி, சீனியாவது போட்டுத் தாரேன் என்று டப்பாவோடு ஓடிவந்தாள். அதற்குள் அக்கா வெறும் தட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு, மற்ற பெண்கள் தண்ணீர் பிடித்துவிட்டுப் போனபின்தான் ஜெயசெல்வி குழாயடிக்குப் போனாள். தண்ணீர் பாதி நாள் நின்றுபோயிருக்கும். காலிக் குடத்தோடு வருவாள். நான் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

பிப்ரவரியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். முப்பது வயது. குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டது கஸ்தூரி அக்காதான். தட்டைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் காரணங்கள் தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. கடை அப்படியேதான் இருக்கிறது. போன வருஷமும் கூட்டம் குறையவில்லை. நான் ஒதுங்கியதில் நஷ்டப்பட்டவள் ஜெயசெல்வி மட்டும்தான். அது அவளுடைய கடைசி கிறிஸ்துமஸ்.

இந்த டிசம்பரில் நரிக்குடியிலிருந்து மாமனார் போன் செய்தார். வேதநாயகம் என்று பெயர். ஓய்வுபெற்ற வாத்தியார். அபிஷாவைப் பண்டிகைக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். துக்க வீட்டில் பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம் என்றார். அபிஷா என் மகள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். என்னோடு இருக்கட்டும் மாமா என்றேன். அவளுக்கு ஒரு கிறிஸ்துமஸாவது என் கையால் நடக்க வேண்டும் என்றிருந்தது. அதை அவரிடம் சொல்ல வரவில்லை. கடைசியில், பிள்ளையே சொல்லட்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

எங்கள் கடையிலேயே சிவப்பு கவுன் ஒன்று எடுத்தேன். அளவு என்ன என்று விற்கிற பெண் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எட்டு வயது என்றேன். கடைத்தெருவில் ஒரு காகித ஸ்டார் வாங்கினேன். துக்க வருஷத்தில் ஸ்டார் கட்டினால் தெரு என்ன சொல்லும் என்று தெரிந்துதான் இருபத்துநாலாம் தேதி காலையில் வாசலில் கட்டினேன்.

முதல் பஸ்ஸில் மாமனார் வந்துவிட்டார். ஸ்டாரை அண்ணாந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். அபிஷா பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"இது யாரு வீட்டுக்குப்பா?"

"நமக்குத்தான் பாப்பா."

"நம்ம வீட்டுலதான் கிறிஸ்மஸ் கிடையாதே."

குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கிணறு கிடையாது என்று சொல்வதுபோலச் சொன்னாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். இந்த வருஷம் உண்டு, அப்பா மனசை மாற்றிக்கொண்டேன் என்றேன். கவுனை எடுத்துக் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு வந்து கேட்டாள்.

"அம்மா கேட்டாகள்ல. அப்ப ஏம்ப்பா இல்ல?"

மாமனார் நிமிர்ந்தார். அவருக்கு இது தெரியாது. ஜெயசெல்வி தன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. என்ன கேட்டாள் என்று அவர் கேட்டார். பலகாரம் என்றாள் அபிஷா. அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கவுனை மறுபடி மடித்தேன்.

தாத்தாவோடு போகிறாயா என்று நானே கேட்டேன். போறேன் என்றாள். அவளுடைய துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். கவுனை வைக்கலாமா என்று யோசித்து, அதையும் வைத்தேன். மாமனார் என் தோளில் கைவைத்தார்.

"நீங்களும் வாங்க மாப்ள. ஒத்தையில கெடந்து என்ன செய்யப் போறீக?"

கடையில் இன்றைக்குத்தான் பெரிய வியாபாரம், லீவு கிடையாது என்றேன். அது உண்மைதான்.

நரிக்குடி வழியாக வீரசோழன் போகிற பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டேன். அபிஷா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, புது வருசம் நமக்கு உண்டா?"

உண்டு என்றேன். அவள் தாத்தாவின் பக்கம் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்தாள்.