ஆஸ்பத்திரி முற்றத்து மரம்

ஆபீஸில் அவளுக்குச் சுத்தியல் அக்கா என்று பெயர். நகராட்சியில் இருபத்திரண்டு வருடமாக மரம் பார்க்கிற வேலை. எது நிற்கலாம், எது விழுந்து ஆளைக் கொல்லும் என்று மரச்சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். சொன்னால் சொன்னதுதான். மந்திரி வீட்டு மரமானாலும் கையெழுத்து மாறாது. அப்படிப்பட்டவளுக்கு அன்று காலை பெரிய ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக் கால் எழவில்லை.

பார்க்க வேண்டிய மரம் உள்ளே முற்றத்தில் நின்றது. மூன்றாவது மாடியில் அவளுடைய தங்கை புருஷன் பதினோரு நாளாகக் கண் திறக்காமல் கிடந்தார். தங்கையோ அந்த மரமே கதி என்று இருந்தாள். "இது நிக்கிற வரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்று போனில் சொல்லியிருந்தாள். சாமி கும்பிடக்கூடச் சோம்பல்படுகிறவள் அவள்.

எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள் வருகிற ஆஸ்பத்திரி அது. எல்லோருக்கும் மருந்து ஒன்று; மரத்திடம் மட்டும் ஆளுக்கொரு வழக்கம். தாழ்ந்த கிளைகளில் நோயாளிகளின் சட்டையில் கிழித்த துணிகள் தொங்கின. துணி மக்கினால் நோயும் மக்கிவிடுமாம். வேரடியில் ஒரு பெரியவர் பேரனின் தொப்புள்கொடியைப் புதைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஊரில் அப்படிச் செய்தால்தான் பிள்ளைக்குத் தன் மண் எது என்று தெரியுமாம்.

அவள் தட்டினாள். முதல் மூன்று தட்டுக்கும் மரம் கெட்டியாகப் பதில் சொன்னது. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. வடக்குப் பக்கம் தட்டியபோது டொம் என்றது. துளைக்கருவியை வைத்து அழுத்தினாள். நாலு விரற்கடைக்குப் பிறகு தடையே இல்லாமல் உள்ளே போயிற்று. அடிமரம் முழுக்கப் பொந்து. சாய்ந்தால் பிரசவ வார்டுக் கூரைமேல்தான் சாயும்.

தரை துடைக்கிற அம்மாள் வாளியோடு வந்து நின்றாள். "எங்க மலையில வெட்டறதுக்கு மூணு நாள் முன்னாடி மரத்துகிட்ட சொல்லிடுவோம். அதுல குடியிருக்கறவங்க வேற எடம் பாக்கணும் இல்லையா?"

"மரத்துகிட்ட சொல்லிடலாம்மா. என் தங்கச்சிகிட்ட யாரு சொல்றது?"

படிவத்தில் 'ஆறு மாதம் கழித்து மறுஆய்வு' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரே ஒரு டிக். கேட்க நாதியில்லை. பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. அப்போது கொடி புதைத்த பெரியவர் கையைக் கழுவிக்கொண்டு, சிரித்த முகமாகப் பிரசவ வார்டுக்குள் போனார். பாவி மனுஷன், போயும் போயும் அந்த நேரத்திலா போக வேண்டும். அவள் 'அகற்றவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தங்கை மரத்தின் மறுபக்கத்துப் பெஞ்சில் இருந்தாள். பதினோரு நாளில் பாதியாகியிருந்தாள்.

"வெட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்டி. உள்ள ஒண்ணுமே இல்ல."

அழுவாள், திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள் அக்கா. தங்கை தலையை மட்டும் ஆட்டினாள்.

"தெரியும்க்கா. காது வெச்சா உள்ள காத்து போறது கேக்கும்."

"தெரிஞ்சுமா இதைக் கட்டிக்கிட்டு அழுதே?"

"அவர் விழுந்த அன்னைக்குக் காலைல நான் பேசின பேச்ச யார்கிட்டயாவது சொல்லணும். உனக்குப் போன் பண்ணா வேலையா இருக்கேன்னு வெச்சிடறே. இது நின்னு கேட்டுது. பதினோரு நாள்ல நீ இன்னைக்குத்தான் வந்திருக்கே. அதுவும் இதைத் தட்டிப் பாக்க."

அக்காவுக்கே தெரியும், வேலை என்றதெல்லாம் சாக்கு. அவரை அந்தக் கோலத்தில் பார்க்கப் பயம், தங்கை அழுவதைப் பார்க்க அதைவிடப் பயம். இத்தனை மரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவள், கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. படிவத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் தங்கையை ஒட்டி உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னே அன்னைக்கு?"

தங்கை மரத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"எங்கயாவது போய்ச் செத்துத் தொலைங்கன்னு சொன்னேன்க்கா."

அக்கா எழுந்து போகவில்லை.