முருகானந்தத்தின் வாயுத் தொல்லை

மூன்று வருஷமாக முருகானந்தத்துக்கு வாயுத் தொல்லை என்றுதான் நிக்கோபார் தீவின் கேம்பல் பே முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவனும் மனைவி தமிழரசியும்தான். அவனுக்கு எச்.ஐ.வி. மாத்திரை வாங்கப் போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏற வேண்டும். காரணம் சொல்லாமல் போனால் ஊர் சும்மா விடுமா? வாயுவுக்கு வைத்தியம் என்றார்கள். ஊரும் நம்பி, ஓமமும் பெருங்காயமும் கொடுத்தனுப்பியது.

அன்று காலை அவனுக்கு நெஞ்சை அடைத்தது. இடது கை கடுத்தது, சட்டை வியர்வையில் தொப்பலானது. பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த அவன் அக்கா அலமு, "அதே வாயுதான்டி, பதறாத" என்று ஓமத்தண்ணீரைப் புகட்டினாள். ஆஸ்பத்திரியிலும் அவளே முந்திக்கொண்டு, "டாக்டர் சாப், கேஸ் கா பீமாரி ஹை" என்று இந்தியில் வாயு நோயைச் சொன்னாள். நாற்பது வயது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பீடி சிகரெட் இல்லை. டாக்டரும் தலையாட்டிவிட்டு வாயுவுக்கு ஊசி எழுதினார்.

தமிழரசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாத்திரை தரும் இடத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் சொன்னதே மனசில் ஓடியது. மருந்து கிருமியை அடக்கினாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி முழுக்க அடங்குவதில்லையாம். எதிரி ஒடுங்கிய பிறகும் வரிந்துகட்டிக்கொண்டு நிற்குமாம். அதிலேயே ரத்தக்குழாய் புண்ணாகி, சின்ன வயசிலேயே மாரடைப்பு வரலாமாம். சுனாமி போய் ஏழு வருஷமாகியும் தரை லேசாக ஆடினாலே இங்கே சனம் மேட்டுக்கு ஓடுகிறதே, அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

சொன்னால் அலமு வீட்டோடு சோறு தண்ணீர் புழக்கம் அற்றுப்போகும். இந்தியில் மறைத்துச் சொல்லவும் வழியில்லை. இந்தத் தீவில் இந்தி தெரியாத காது ஏது? கட்டிலில் கிடந்தவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான். அவள் வாசலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். அவன்மேல் ஆத்திர ஆத்திரமாக வந்தது. மானத்தைக் காப்பாற்ற உயிரையா கொடுப்பது?

"டாக்டர் சாப், கேஸ் நஹி ஹை. எச்.ஐ.வி. கா தவாய் காத்தா ஹை." வாயு இல்லை, எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டாள்.

தம்பியின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த அலமு சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். டாக்டர் ஊசிச் சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். காகிதம் பாதி வெளியே வருவதற்குள் மாரடைப்பு என்று தெரிந்து, போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டர் கேட்டுப் போனை எடுத்தார்.

"சொல்லிட்டியே, பாவி" என்று முருகானந்தம் அழுதான்.

அக்கா கையெடுத்த இடத்தில் தமிழரசி தன் கையை வைத்தாள்.

"ஆமா, சொல்லிட்டேன். உசுரோட இருந்து என்னையத் திட்டுங்க."