சாரத்திலிருந்து இறங்கும் தேதி

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக் கடனை முடித்துவிடுவேன் என்று ஜீனெட் ஸ்டாதர்ஸ் தான் வேலை பார்த்த கேரவன் தொழிற்சாலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஜம்பத்துக்குச் சொன்னதில்லை. ஆறு வருஷமாக, கட்டவேண்டிய மாதத் தவணைக்கு மேல் இருநூற்றைம்பது பவுண்டு அவள் சம்பளத்திலிருந்து தனியாகக் கடன் கொடுத்த சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்பெயினுக்கு விடுமுறை போகவில்லை. கார் மாற்றவில்லை. சமையலறை அலமாரிக் கதவு ஒன்று கழன்று விழுந்தபோது அதை எடுத்துக் கொட்டகையில் போட்டுவிட்டுக் கதவில்லாத அலமாரிக்குப் பழகிக்கொண்டாள்.

ஜன்னல் பொருத்தும் வரிசையில் அவளுக்கு அடுத்து நின்ற லொரெய்னுக்கு இது நல்ல தீனி.

“செத்தா வீட்டையும் கூடவே எடுத்துட்டுப் போகப் போறியாடி? பெட்டியில இடம் பத்தாதே.”

“உன் கிரெடிட் கார்டெல்லாம் போக மிச்ச இடம் எனக்குப் போதும்” என்பாள் ஜீனெட், பசைத் துப்பாக்கியிலிருந்து பசையை ஜன்னல் சட்டத்தின் ஓரமாகப் பிதுக்கிக்கொண்டே. கை நடுங்காது. ஹல் நகரத்திலேயே ஒழுகாத ஜன்னல் அவள் வைப்பதுதான் என்று அவளுக்குத் தெரியும். அதை யாரும் சொல்லவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

அவசரம் கிளெனால் வந்தது. அவள் புருஷன் பதினெட்டு வயதிலிருந்து சாரம் கட்டுகிறவன். இரும்புக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணி ஏறியே வலது தோள் தேய்ந்துவிட்டது. தோள் போனால் பரவாயில்லை. நவம்பரில் பெவர்லியில் ஒரு தேவாலயக் கூரையோரம் நின்றபோது அவன் விரல்கள் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டன. கையிலிருந்த, குழாய்களை இணைக்கும் இரும்புப் பூட்டு நாலு மாடி கீழே நடைபாதையில் விழுந்து கல்லைப் பெயர்த்தது. அங்கே யாரும் நிற்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து ஒரே வாக்கியத்தில் அதைச் சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டான். அடுத்த முறை கை விட்டுவிடுவது பூட்டாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, பிடித்திருக்கும் கம்பியாகவும் இருக்கலாம் என்பதை அவன் சொல்லவில்லை. அவளுக்கும் சொல்லத் தேவைப்படவில்லை.

ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம் முதலாளி டக்கி கிளெனைக் கூப்பிட்டுப் பேசினார். கிடங்கில் குழாய்களை எண்ணி லாரியில் ஏற்றிவிடும் ஆள் ஓய்வு பெறுகிறார், அந்த இடம் வேண்டுமா என்றார். தரையில் நிற்கும் வேலை. சம்பளம் மாதம் அறுநூறு பவுண்டு குறைவு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் தன் மைத்துனனுக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

கிளென் வேண்டாமென்று சொல்லத் தயாராக இருந்தான். கடன் இருக்கும்வரை மேலே, கடன் முடிந்ததும் கீழே. ஆறு வருஷத்துக்கு முன் இருவரும் பேசி வைத்தது அது. ஆனால் ஜீனெட் ஒன்று யோசித்து வைத்திருந்தாள். அவள் கணக்குப்படி மீதி ஒன்பதாயிரம் இருக்கும். கூரையை மாற்றவென்று சேர்த்த ஆறாயிரத்தை அதில் போட்டால் கோடைக்குள் வீடு அவர்களுடையது. கூரை இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கும். கிளென் தாங்கமாட்டான்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் ஹோல்டர்னெஸ் சாலையிலிருந்த சொசைட்டி கிளைக்குள் வீடு வாங்க வந்தவள்போல நிமிர்ந்து நுழைந்தாள். கவுண்டரில் ஷெல்பி என்று பெயரட்டை குத்திய இளம்பெண் இருந்தாள். மொத்தமாக முடிக்க எவ்வளவு ஆகும் என்று ஜீனெட் கேட்டாள். ஷெல்பி தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

பத்தொன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கடன் முடிய இன்னும் ஐந்து வருஷம்.

“வேற யார் கணக்கையோ பாக்குறம்மா.”

ஷெல்பி தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் படித்துக் காட்டினாள். இவர்கள் வீடுதான். கூடுதலாகக் கட்டியது எங்கே போனது என்று ஜீனெட் கேட்டபோது குரல் உயர்ந்துவிட்டதால் வரிசையில் நின்றவர்கள் தங்கள் காலணிகளைக் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

“எங்கயும் போகலைங்க. நீங்க கட்டுன ஒவ்வொரு பவுண்டும் கடன்ல கழிஞ்சிருக்கு. ஆனா வருஷத்தைக் குறைக்கச் சொல்லி நீங்க கேக்கலை. கேக்கலைன்னா நாங்க தவணையைத்தான் குறைப்போம். ஆரம்பத்துல ஐநூத்தி நாப்பது போச்சு. இப்ப முன்னூத்தி அம்பதுதான் போகுது. வருஷா வருஷம் தகவல் அனுப்பிருக்கோமே.”

அனுப்பியிருப்பார்கள். கடன் இரண்டு பேர் பெயரிலும் இருந்தாலும் உறையில் கிளென் பெயர்தான் முதலில் வரும். தவணை போவது அவன் கணக்கிலிருந்து. கூடுதல் போவது அவள் கணக்கிலிருந்து. அவன் பெயர் போட்ட உறையை அவள் பிரித்ததில்லை, அவள் கணக்கை அவன் எட்டிப் பார்த்ததில்லை. அவர்கள் வளர்ந்த தெருக்களில் அதுதான் மரியாதை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகியும் கிளெனின் சம்பளம் சரியாக எவ்வளவு என்று அவளால் சொல்ல முடியாது.

இப்போதே வருஷத்தைக் குறைத்துவிடட்டுமா என்று ஷெல்பி கேட்டாள். தவணை எழுநூற்றுத் தொண்ணூறாகும், இரண்டு வருஷம் சொச்சத்தில் முடிந்துவிடும். ஜீனெட் சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் கிளென் கடையிலிருந்து உருளைக்கிழங்கு வடையும் சிப்ஸும் வாங்கிவந்து, மேலே சிவக்கச் சிவக்க மசாலாப் பொடி தூவி, பொட்டலத்திலேயே பிரித்து வைத்திருந்தான். அவள் கோட்டைக் கழற்றாமலே விஷயத்தைச் சொன்னாள்.

“தவணை குறைஞ்சது எனக்குத் தெரியும்” என்றான் கிளென். “நீ கூடுதலா கட்டுறியே, அதுக்கு அவங்க குடுக்குற சலுகைன்னு நெனச்சேன்.”

“சலுகையா? கடன் குடுத்தவன் எப்படா சலுகை குடுத்தான்?”

“நான் என்னத்தக் கண்டேன். இந்த வீட்டுல கடன் மந்திரி நீதானே. நீ பேசி முடிச்சு வச்சிருப்பேன்னு விட்டுட்டேன்.”

மிஞ்சிய பணத்தை என்ன செய்தாய் என்று கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை. ரக்பி ஆட்டங்களுக்கு வருஷச் சீட்டு. வேனுக்கு டயர். அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஸ்கார்பரோவில் கடலைப் பார்த்த அறையில் மூன்று நாள். அந்த அறையில் பெரிய குளியல் தொட்டி இருந்தது. அதில் தண்ணீர் ஆறும்வரை கிடந்தவள் அவள்தான். கத்துவதற்கு வைத்திருந்ததில் பாதி அங்கேயே கரைந்துபோனது.

“ரெண்டு வருஷம்தானே. ஏறிட்டுப் போறேன்” என்றான் கிளென்.

அவன் முட்கரண்டியை இடது கையில் பிடித்திருந்தான். வலது கை மேசைமேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப்போலக் கிடந்தது.

மறுநாள் காலை வரிசையில் நான்காவது கேரவனுக்கு ஜன்னல் வைக்கும்போது அவளுக்குப் பிடிபட்டது. பிடிபட்டதும் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆறு வருஷமாக முடிகிற தேதியையே முறைத்துக்கொண்டிருந்ததில் தவணையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முன்னூற்றைம்பது. தேதியை முன்னால் இழுத்தால் தவணை எழுநூற்றுத் தொண்ணூறு, அதற்குக் கிளெனின் சாரக் கூலி கட்டாயம் வேண்டும். தேதியைத் தொடாமல் விட்டால் இவள் சம்பளம் ஒன்றிலேயே தவணை அடங்கும். கிடங்குச் சம்பளத்தில் சாப்பாடும் மின்சாரமும் ஓடும். கூரைப் பணத்தையும் தொடவேண்டாம். கிளென் கீழே இறங்கக் கடன் முடியவேண்டியதில்லை. கடன் சிறுத்தால் போதும். அது எப்போதோ சிறுத்துவிட்டிருந்தது. அவள் கட்டிய பணம்தான் அதைச் சிறுக்க வைத்தது. வீணாகப் போகவில்லை. அவள் நினைத்த இடத்துக்குப் போகாமல் வேறு இடத்துக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஐந்து வருஷம். அவளுக்குக் கடன் என்றால் காலணிக்குள் கிடக்கும் கல். அதோடு ஐந்து வருஷம் நடக்கவேண்டும். அதற்கு முன்னால் லொரெய்னிடம் சொல்லியாகவேண்டும். மற்றவர்கள் மூலம் தெரிவதைவிடத் தானே சொல்வது மேல் என்று தேநீர் இடைவேளையில் மேசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“அப்ப கிறிஸ்துமஸுக்குப் பார்ட்டி கிடையாதா?” என்றாள் லொரெய்ன்.

“அஞ்சு வருஷம் தள்ளி. பரிசு வாங்கக் காசு சேக்க உனக்கும் நேரம் வேணுமில்ல.”

மேசை சிரித்தது. லொரெய்னும் சிரித்தாள், பிறகு கிளெனின் கை எப்படி இருக்கிறது என்று தணிந்த குரலில் கேட்டாள். ஜீனெட் தோளைக் குலுக்கிவிட்டு வெளியே போய், சரக்கு வண்டிகளுக்குப் பக்கத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று கிளைக்குப் போன் போட்டாள். ஷெல்பியைத்தான் லைனில் கேட்டாள்.

“தவணை முன்னூத்தி அம்பதுலயே நிக்கட்டும். ஏத்தவும் வேணாம், எறக்கவும் வேணாம். இனிமே நான் கூடுதலா கட்டுறது வருஷத்துல கழியணும். இப்ப கேட்டுட்டேன். எழுதிக்கிட்டியா?”

எழுதிக்கொண்டதாகச் சொன்ன ஷெல்பி, கூடுதல் அதே இருநூற்றைம்பதுதானா என்று கேட்டாள். அன்றைய நாளில் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது அந்த ஒரு பதில்தான்.

“நாப்பது.”

அன்று மாலை கிளென் குளித்துவிட்டு வந்ததும் டக்கிக்குப் போன் பண்ணு என்றாள். அவன் துண்டைக் கழுத்தில் போட்டபடி நின்றான். விவரத்தைக் கேட்டுவிட்டு, ஏமாற்றுவதற்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான்.

“ரெண்டு வருஷத்துல முடியுறதை அஞ்சு வருஷம் இழுக்கச் சொல்றியா? நீயா?”

“நான்தான்.”

“பேசி வச்சது அப்படி இல்லையே, ஜீனெட். முடிச்சுட்டு இறங்குறதுன்னுதானே.”

“பேசுனப்ப உன் கை நல்லா இருந்துச்சு.”

“உனக்குத் தூக்கம் வராது.”

“வராது. எந்திரிச்சு உக்காந்து உன்னைத் திட்டுவேன். திட்டு வாங்க நீ பக்கத்துல இருக்கணும்.”

கிளென் துண்டின் நுனியை முறுக்கினான். பிறகு, கிடங்கில் வெறுமனே நின்றால் தனக்குத் தொப்பை போட்டுவிடும் என்றான். ஏற்கெனவே போட்டாயிற்று என்றாள் அவள். அவன் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனான்.

ஜீனெட் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டக்கி நிறையப் பேசுகிறார்போலிருந்தது. கிளென் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான், ஒருமுறை சிரித்தான். பிறகு சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல், முப்பது வருஷத்துக் களைப்பும் ஒரே நேரத்தில் வந்துவிட்ட மாதிரி, மெதுவாக உட்கார்ந்தான். “திங்கக்கிழமையா?” என்று அவன் கேட்பது கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் கேட்டது. “சரி. வந்துடுறேன்.”