பதினேழாம் கிளையின் சிவப்பு

அலுவலகத்தில் அவளை ‘நாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த நாற்பது மருத்துவ நிலையங்களின் கணினிகளை இருந்த இடத்திலிருந்தே கவனிப்பது அவள் வேலை. எந்த ஹார்ட் டிஸ்க் சூடாகிறது, எதில் எத்தனை இடம் பழுது என்பதெல்லாம் அவள் திரையில் தெரிந்துவிடும்.

பதினேழாம் கிளையின் டிஸ்கில் செவ்வாயன்று பன்னிரண்டு இடம் கெட்டிருந்தது. புதனன்று எண்பது. வியாழன் காலை அறுநூறு. அவள் திரையில் மற்ற கிளைகளெல்லாம் பச்சையாக இருக்க, அது மட்டும் சிவப்பாக எரிந்தது. போதாக்குறைக்கு, அங்கே நகல் எடுப்பதும் மூன்று வாரமாக நின்றுபோயிருந்தது. புது டிஸ்க் கேட்டு அவள் நாளுக்கொன்றாக எழுதிய மூன்று கடிதங்களையும் மேலாளர் கிடப்பில் போட்டிருந்தார்.

அன்று அவரே அவள் மேசைக்கு வந்தார்.

“திங்கக்கிழமை மேலிடத்துலேர்ந்து பார்வையிட வராங்க. எல்லாம் பச்சையா இருக்கணும். அந்த ஒரு சிவப்பை மட்டும் அணைச்சுடும்மா.”

“பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா சார்?”

“மெஷின் ஓடிக்கிட்டுதானே இருக்கு?”

“அணைக்கச் சொன்னது நீங்கதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அணைச்சுடறேன்.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “உன் வேலையை மட்டும் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அதைத்தான் பார்த்தாள். உடனே பதினேழாம் கிளையின் நர்ஸுக்குப் போன் போட்டாள்.

“சிஸ்டர், கம்ப்யூட்டர்ல ஏதாவது சத்தம் வருதா?”

“ரெண்டு நாளா டிக் டிக்னு வருதும்மா. பல்லின்னு நெனச்சு மேசைக்கடியில எல்லாம் தேடிட்டேன்!”

“அது பல்லி இல்ல, டிஸ்க். இனிமே அதுல எதையும் பதியாதீங்க, பேப்பர்ல எழுதிக்கோங்க. மெஷினை மட்டும் அணைச்சுடாதீங்க.”

நோயாளிகளின் கோப்புகளை ஒவ்வொன்றாக இங்கிருந்தே நகலெடுக்கத் தொடங்கினாள். சாப்பாட்டுக்கும் எழவில்லை. மேலாளர் இரண்டு முறை வந்து, “யாரைக் கேட்டுத் தொட்டே?” என்று கத்தினார். அவள் நிமிரவில்லை. நாலு மணிக்கு எல்லாம் வந்து சேர்ந்தன. ஏழு பேருடைய எக்ஸ்ரே படங்கள் மட்டும் திறக்கவில்லை. அந்த ஏழு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மறுநாள் அந்த டிஸ்க் அடியோடு படுத்துவிட்டது. மதியம் அவளுக்கு மெமோ வந்தது: உத்தரவின்றிக் கோப்புகளை நகலெடுத்தது ஏன்?

“மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு வரி எழுதேண்டி” என்றாள் வீட்டில் அக்கா.

“தப்புப் பண்ணியிருந்தா பக்கம் பக்கமா எழுதுவேன்.”

‘செய்தேன். இனியும் செய்வேன்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

திங்களன்று வந்தவர்கள் அந்தச் சிவப்பைக் காட்டி என்னவென்று கேட்டார்கள். மேலாளர் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். புது டிஸ்க் மறுநாளே போய்ச் சேர்ந்தது.

மெமோவை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. பெறச் சொல்லி அவளும் கேட்கவில்லை.