ஒரு முழம் குறைந்த தண்ணீர்

மெக்கானிக்கின் கருவிப் பெட்டியை அத்தான் மழையில் தூக்கி வெளியே வைத்த நாளிலிருந்து அவள் அந்தப் படகுத்துறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அன்று காலை வந்தது அக்காவுக்காக. அக்கா போனில் அழவில்லை. "படகை வந்து பாத்துட்டு மட்டும் போயேன்" என்று இரண்டு தடவை சொன்னாள். அழுதிருந்தால்கூட மறுத்திருக்கலாம்.

படகைத் தூக்கி இறக்கும் லிஃப்டின் பலகைகள்மேல், அத்தானின் படகு தண்ணீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது. இன்ஜின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிற ரகம். அடியில் இருக்கும் துளை வழியாக ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் அந்த இன்ஜின் சூட்டைத் தணித்துக்கொள்ளும். துளைக்குப் பின்னால் படகைத் தள்ளும் விசிறியும் சுக்கானும் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தன. படகுச் சங்கத்துக்கு அத்தான் தலைவராகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பத்து மணிக்கு உறுப்பினர்கள் வருகிறார்கள், லிஃப்டில் வைத்தபடியே இன்ஜினை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது அவர் திட்டம்.

மெக்கானிக் மடக்குக் கம்பை விட்டு ஆழம் பார்த்தாள். நாலு இடத்தில் பார்த்தாள். நாலு மாதமாக மழையில்லாமல் ஏரி வற்றிப்போயிருந்தது. துளை நன்றாக முழுகும்வரை லிஃப்டை இறக்கினால் சுக்கான் தரையில் குத்தும். சுக்கான் தப்பும்படி நிறுத்தினால் துளை காற்றைக் குடிக்கும்.

அத்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் மனைவியிடம் கேட்டார். "உன் தங்கச்சி என்ன சொல்றா?"

"விசிறிக்குக் கீழே இன்னும் ஒரு முழம் தண்ணி வேணும்னு சொல்லுக்கா," என்றாள் மெக்கானிக். "இல்லேன்னா மேல நின்னா காத்து, கீழ போனா சேறு. ரெண்டுமே இன்ஜினுக்கு எமன். ஓட்டியே ஆகணும்னா பீப்பாயில தண்ணி ரொப்பி ஹோஸ் போட்டுத் தரேன். பத்து நிமிஷம் ஓடும். கியரை மட்டும் தொடக்கூடாது."

பீப்பாயில் குடிக்க இது என்ன மாடா என்று அத்தான் சிரித்தார். பொம்பளை கம்பை விட்டு அளந்தால் ஏரியே வற்றிப்போகும் என்றும் சொன்னார். இதை அவர் மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் கம்பைத் துடைத்து மடக்கினாள். கிளம்பலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் அதற்குள் உறுப்பினர்கள் ஆறேழு பேர் துறைக்குள் நுழைந்துவிட, பாதையை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று.

அத்தான் படகில் ஏறினார். அக்கா சுவரிலிருந்த பட்டனை அமுக்கினாள். லிஃப்ட் முனகிக்கொண்டு இறங்கியது. சுக்கான் சேற்றைத் தொடும் முன்னே அவர் கையை உயர்த்த, அக்கா நிறுத்தினாள். இன்ஜின் பிடித்தது. ஆறேழு பேரும் தலையாட்டினார்கள். உறிஞ்சிய தண்ணீர் புகைக்குழாய் வழியாக வெளியே கொட்ட வேண்டும்; கொட்டவில்லை, வெள்ளைப் புகைதான் வந்தது. அதைக் கவனித்தது மெக்கானிக் ஒருத்திதான்.

"நிறுத்துங்க அத்தான்," என்றாள். ஒன்றரை வருஷத்தில் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

அவர் காதில் விழுந்தது. விழுந்ததால்தான் கியரைத் தட்டினார் என்று அவள் பின்னால் நினைத்துக்கொண்டாள். படகு பலகைமேல் முன்னுக்கு எகிறி, ஒரு பக்கமாகச் சரிந்து, சுக்கான் சேற்றில் மாட்டிக்கொண்டது. லிஃப்டின் முன்தூண் வளைந்தது. ரப்பர் கருகும் நாற்றம் துறை முழுக்கப் பரவ, இன்ஜின் தானாக நின்றது.

அத்தான் சரிந்த படகிலிருந்து இறங்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. இறங்கியதும் விரலை நீட்டினார். "காலைல இருந்து இவதான் அடியில கம்பை விட்டுக் குடைஞ்சுகிட்டு இருந்தா. எதையோ பண்ணி வெச்சிட்டா. பழைய வன்மம்."

அக்கா பட்டனிலிருந்து கையை எடுத்தாள்.

"அவ சொன்னா. நீங்க கேக்கலை. நானும் கேட்டுக்கிட்டுதான் நின்னேன்," என்றாள்.

அவ்வளவுதான். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வேலை இருக்கிறது என்று நழுவினார்கள். மாட்டிக்கொண்ட படகை எடுத்துத் தரும்படி அத்தான் அக்கா வழியாகவே கேட்டனுப்பினார். கூட்டத்தில் சொன்ன பொய்யைப் பொய் என்று கூட்டத்திலேயே சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மெக்கானிக் பதில் அனுப்பினாள். அவர் சொல்லவில்லை. மழை வரும்வரை, ஐந்து வாரம், படகு அப்படியே ஒருக்களித்துக் கிடந்தது.

அன்று மெக்கானிக் வண்டியைக் கிளப்பும்போது அக்கா ஜன்னலருகே வந்து நின்றாள். தங்கை நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

"நான் சொன்னதைக் கேட்டுட்டும் பட்டனை ஏன்க்கா அமுக்கின?" என்றாள் மெக்கானிக்.

"நீ உன் வீட்டுக்குப் போயிடுவ. இந்த வீட்டுல இருக்கப்போறது நான்தானே," என்றாள் அக்கா. பிறகு திரும்பி, அத்தான் காத்திருந்த வீட்டுப் படியை நோக்கி நடந்தாள்.